ஒரு தேங்காய், ஒரு தேசிக்காய், பதின்மூன்றரை அங்குலம்

குசினியில் உரித்து வைத்த தேங்காய் ஒன்றை எடுத்து வாருங்கள். குறுக்கே அளந்தால் ஐந்து அங்குலம் வர வேண்டும். கறிக்குத் துருவுகிற நடுத்தரக் காய் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். ஒரு கோப்பையின் வாயில் அதை இருத்தி மேசையில் வையுங்கள், உருண்டு விழாது. அது பூமி. அடுத்து, ஆணத்துக்குப் பிழிய வைத்திருக்கும் தேசிக்காய்களில் சின்னதாக ஒன்று. குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. அது நிலா.

இரண்டையும் எவ்வளவு தள்ளி வைப்பது? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு சாண் இடைவெளி விட்டு வைப்பார்கள். பாடப் புத்தகப் படங்கள் செய்த வேலை அது. தாளில் இடம் போதாமல் நிலாவைப் பூமிக்குப் பக்கத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். உண்மை அளவில் பன்னிரண்டரை அடி. மேசையை விட்டு எழுந்து, அடுப்பைத் தாண்டி, நிலைப்படி கடந்து விறாந்தையில் நின்றால்தான் தேசிக்காயை அதன் இடத்தில் பிடிக்க முடியும்.

சூரியனுக்குக் குசினியில் சாமான் இல்லை. அது நாற்பத்தைந்து அடி உயரமான பந்து. வைக்க வேண்டிய இடம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால். வீடு கல்முனைக்குடியில் என்றால் பந்து சாய்ந்தமருதுப் பக்கம் எங்கேயோ நிற்கும். தேங்காயின் மேல் நம் இலங்கை முழுவதும் ஒரு கீரிச்சம்பா அரிசி அளவு. கல்முனை அந்த அரிசியின் கிழக்கு விளிம்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி.

இனிச் சொல்லப் போகிற எல்லாமே இந்த அளவுகளுக்குள் இருக்கிறது. கிரகணத்தை விளங்க வைக்கிறேன் என்று மேசை விளக்கையும் பந்தையும் கொண்டு வருகிறவர்கள் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கேதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

முதலில் நிழல். சாய்ந்தமருதிலிருந்து வருகிற வெளிச்சத்தில் தேசிக்காய்க்குப் பின்னால் ஒரு நிழல் விழும். வெளிச்சம் தருகிற பந்து தேசிக்காயை விடப் பல மடங்கு பெரிது என்பதால் அந்த நிழல் போகப் போக ஒடுங்கி, ஏறக்குறைய பன்னிரண்டடி இரண்டு அங்குலத்தில் கூராக முடிந்துவிடும். இது கருநிழல், இதற்குள் நிற்பவருக்குச் சூரியன் துளியும் தெரியாது. அதைச் சுற்றி, போகப் போக அகன்றுகொண்டே செல்கிற மங்கலான நிழல் ஒன்றும் உண்டு. அது புறநிழல், அதில் நிற்பவருக்குச் சூரியனில் ஒரு பகுதி மட்டும் மறையும்.

இப்போது இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிக்காய் இருப்பது சராசரி பன்னிரண்டரை அடியில். அதன் கருநிழலின் நீளம் பன்னிரண்டடி இரண்டு அங்குலம். தேங்காயின் மேற்பரப்பு அதன் மையத்தை விட இரண்டரை அங்குலம் முன்னால் இருப்பதையும் கணக்கில் எடுத்தால், நிழலின் கூர் தேங்காயைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இது எந்த விதியும் கட்டாயப்படுத்திய பொருத்தமல்ல. சூரியன் நிலாவை விட 400 மடங்கு பெரிது, ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலா வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் நம்மை விட்டு விலகிக்கொண்டே போகிறது. பல கோடி வருடம் கழித்து வருகிறவர்களுக்கு முழுக் கிரகணம் என்ற ஒன்றே இருக்காது.

தொட்டால் மட்டும் என்ன? கருநிழல் தேங்காயைத் தொடுகிற இடம் மிஞ்சிப் போனால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அசல் கணக்கில் 270 கிலோமீற்றர். பல தடவை அதை விடவும் குறைவு. தேங்காயின் ஒரு பக்கம் ஒரு கடுகு ஒட்டிய மாதிரி. அந்தக் கடுகு மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் தேங்காயின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கோட்டுக்குள் அகப்படுகிற ஊர்களுக்குத்தான் பகலில் இருட்டு. ஓர் ஊருக்கு ஒரு முழுக் கிரகணம் போனால் அடுத்தது வர, சராசரியாக 375 வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புறநிழல் அப்படியில்லை. அது தேங்காயின் பாதிப் பக்கத்தை மூடும் அளவு பெரிது. அதனால்தான் நம் ஆயுளில் அரைகுறைக் கிரகணங்கள் பல வருகின்றன, முழுக் கிரகணம் பார்த்தவரை ஊரில் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து, எப்போது? இதற்கு நம் ஊர்களில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, ஹிஜ்ரி மாதம் 29 ஆனால் மஃரிபுக்குப் பிறகு மேற்கு வானத்தைப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை மாநாடு கூடுகிறது. தலைப்பிறை தென்பட்டதா என்ற செய்திக்கு ஊர் காத்திருக்கிறது. கடைசி ஓரிரு நாள் நிலா எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. சூரியன் இருக்கிற பக்கத்துக்கே போய், அதன் வெளிச்சத்தில் கரைந்து நிற்கிறது. குசினிக் கணக்கில் சொன்னால், தேசிக்காய் தேங்காயைச் சுற்றி வருகிற வழியில் சாய்ந்தமருதுப் பக்கம் வந்துவிட்டது. சூரிய கிரகணம் நடக்க முடிகிற ஒரே நேரம் அதுதான். பிறை பத்திலோ பதினைந்திலோ சூரிய கிரகணம் வராது. ஹிஜ்ரி மாதத்தின் கடைசி ஓரிரு நாளில் மட்டுமே வரும். பக்கத்து ஊர் காரைதீவில் அதே நாளை அமாவாசை என்பார்கள்.

இதிலிருந்து பிறை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி கிடைக்கிறது. மற்ற மாதங்களில் நிலா சூரியனைக் கடக்கிற கணத்தை நாம் கண்ணால் காண்பதில்லை, கணித்துத்தான் அறிகிறோம். கிரகண நாளில் மட்டும் அந்தக் கணம் வானத்தில் பகிரங்கமாக நடக்கிறது. காலையில் கிரகணம் முடிந்தால், அன்று மாலை மஃரிபு வேளையில் நிலாவின் வயது ஏழெட்டு மணி நேரம்தான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு அவ்வளவு இளம்பிறை பிடிபடாது. கிரகணம் நடந்த அன்றே மாலை பிறை கண்டேன் என்று யாராவது சாட்சி சொன்னால், அவர் கண்டது வேறு எதுவோ.

இந்த இடம் வரை சொன்னதும் புத்தியுள்ள எந்தப் பிள்ளையும் கேட்கும்: "அப்ப மாசாமாசம் கிரகணம் வரோணுமே உம்மா, ஏன் வாறதில்ல?"

நியாயமான கேள்வி. கிரகணம் ஏன் வருகிறது என்பதை விட இதுதான் பெரிய கேள்வி. விடை தலைப்பில் இருக்கிற பதின்மூன்றரை அங்குலம்.

தேசிக்காய் தேங்காயைச் சுற்றுகிற பாதை மேசை மட்டத்தில் இல்லை. ஐந்து பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிந்திருக்கிறது. ஐந்து பாகை என்று வாயால் சொன்னால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பன்னிரண்டரை அடித் தூரத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தேசிக்காய் மேசை மட்டத்துக்கு மேலே பதின்மூன்றரை அங்குலம் ஏறுகிறது. மறுபக்கம் அதே அளவு கீழே இறங்குகிறது. தேங்காயின் மொத்தப் பருமனே ஐந்து அங்குலம்தான். ஆகவே பெரும்பாலான மாதங்களில் தேசிக்காய் சாய்ந்தமருதுப் பக்கம் வரும்போது அதன் நிழல் தேங்காயின் தலைக்கு மேலாலோ காலுக்குக் கீழாலோ போய்விடுகிறது. நிழல் விழத்தான் செய்கிறது, ஆனால் வெறும் வெளியில் விழுகிறது.

புறநிழலாவது தேங்காயில் உரச வேண்டுமென்றால், அந்த நேரம் தேசிக்காய் மேசை மட்டத்திலிருந்து மேலும் கீழும் நாலு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். பதின்மூன்றரையில் நாலு. மாதா மாதம் கிரகணம் இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரிந்த பாதை மேசை மட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும்: ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. பஞ்சாங்கக்காரர்கள் ராகு, கேது என்று குறித்துக் கணக்கிடுவது இந்த இரண்டு புள்ளிகளைத்தான். அரபு வானியலாளர்கள் இதே புள்ளிகளைத் தலை, வால் என்று குறித்தார்கள். பாம்பு விழுங்குகிறது என்ற கதையைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதைக்குப் பின்னால் இருந்த கணக்கு சரியானது. புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் பாம்புக்கு அங்கே வீடு கட்டினார்கள்.

பூமி சூரியனைச் சுற்றுவதால், நம் குசினியிலிருந்து பார்த்தால் அந்தப் பெரிய பந்து வருடம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வலம் வருகிற மாதிரி இருக்கும். இன்று சாய்ந்தமருது, மூன்று மாதம் கழித்துக் கடலுக்குள், இன்னும் மூன்று மாதத்தில் மருதமுனைப் பக்கம். தேசிக்காயின் சரிந்த பாதை மட்டும் ஏறக்குறைய அதே பக்கம் சரிந்தபடியே நிற்கிறது. ஆகவே வருடத்தில் இரண்டு தடவை பந்து அந்த வெட்டுப் புள்ளிகளின் திசைக்கு வரும். அப்போது ஐந்து கிழமை அளவுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். அந்த ஐந்து கிழமைக்குள் ஒரு அமாவாசையாவது விழாமல் போகாது. விழுந்தால் உலகத்தில் எங்கேயாவது ஒரு சூரிய கிரகணம். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு, கூடினால் ஐந்து.

இலங்கையில் கண்ட கிரகணங்களின் தேதிகளைப் பார்த்தால் இந்த வாசல் தெளிவாகத் தெரியும். 2009 ஜூலை 22 அதிகாலையில் ஒரு கிரகணம். அடுத்தது 2010 ஜனவரி 15. பிறகு 2019 டிசம்பர் 26. அடுத்தது 2020 ஜூன் 21. இரண்டு சோடியிலும் இடைவெளி ஆறு நிலா மாதம், ஏறத்தாழ 177 நாள். ஒரு வாசல் மூடி மறு வாசல் திறக்கிற கால அளவு அது.

இனி முழுக் கிரகணத்துக்கும் வளையக் கிரகணத்துக்கும் உள்ள வித்தியாசம். தேசிக்காயின் பாதை சரியான வட்டமல்ல. ஒரு நேரம் பதினோரடி எட்டு அங்குலத்துக்குக் கிட்ட வரும். இன்னொரு நேரம் பதின்மூன்றடி மூன்று அங்குலத்துக்குத் தள்ளிப் போகும். பந்தும் கொஞ்சம் கிட்டவும் தூரவும் ஆகிறது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் நமக்கு மிகக் கிட்ட, ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தூரம். பந்து கிட்ட வந்தால் தேசிக்காயின் நிழல் குறுகும், தூரப் போனால் நீளும். (ஜனவரியில் சூரியன் கிட்ட இருந்தும் ஏன் குளிர்கிறது என்பது வேறு கதை. வாடைக் காற்றைக் கேட்டால் சொல்லும்.)

இந்த இரண்டு அசைவையும் வைத்துக்கொண்டு இலங்கை கண்ட இரண்டு கிரகணங்களைப் பாருங்கள்.

1955 ஜூன் 20. சூரியன் தூரப் போகிற காலம். நிழலின் நீளம் பன்னிரண்டடி ஐந்து அங்குலம். தேசிக்காயோ மிகக் கிட்ட, பதினோரடி எட்டில். நிழலின் கூர் தேங்காயை எட்டியதும் அல்லாமல் இன்னும் பத்துப் பதினோரு அங்குலம் மிச்சம் இருந்தது. விளைவு, 20ஆம் நூற்றாண்டிலேயே நீண்ட முழுக் கிரகணம். அதிகபட்சம் 7 நிமிடம் 8 விநாடி. பாதை இந்து சமுத்திரத்தில் தொடங்கி இலங்கையைக் கடந்து தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று போனது. அன்று சிலோனுக்கு வானியலாளர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து பொலன்னறுவைப் பக்கம் கருவிகளோடு காத்திருந்தார்கள். மேகம் வந்து மூடிவிட்டது. கிரகணத்தை விநாடி பிசகாமல் சொல்ல முடிகிறவர்களுக்கு அன்றைய காலை மேகத்தைச் சொல்ல முடியவில்லை.

2010 ஜனவரி 15. சூரியன் மிகக் கிட்ட; நிழல் குறுகிப் பன்னிரண்டடியில் முடிந்துவிட்டது. தேசிக்காய் மிகத் தூரம், பதின்மூன்றடிக்கு மேல். நிழலின் கூர் தேங்காயைத் தொட இன்னும் ஒரு முழு அடி போதவில்லை. அதனால் நிலா சூரியனின் நடுவை மட்டும் மறைத்தது. சுற்றி ஒரு தடித்த நெருப்பு வளையம் மிஞ்சியது. அதிகபட்சம் 11 நிமிடம் 8 விநாடி. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளையக் கிரகணம். கன்னியாகுமரி, தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் வளையம் தெரிந்தது. கல்முனையில் பகுதிக் கிரகணம். அன்று வெள்ளிக்கிழமை, உச்சம் வந்தது ஜும்ஆ வேளையை ஒட்டி. ஒன்றின் கணக்கில் எட்டு விநாடி வந்தது போல மற்றதன் கணக்கிலும் எட்டு விநாடி வந்தது தற்செயல். அதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

2019 டிசம்பர் 26 இரண்டுக்கும் நடுவில். நிழல் எட்டாமல் போனது நாலு அங்குலம் சொச்சம்தான். வளையம் மெல்லியதாக இருந்தது. சவூதியின் அல்-அஹ்ஸாப் பக்கம் அன்று சூரியன் வளையமாகவே உதித்தது. அங்கிருந்து அரபிக் கடல் தாண்டிக் கேரளம், கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் வர நிழல் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ அரை மணி. நம் கரை அந்தப் பாதையின் தெற்கு ஓரத்தை ஒட்டிக் கிடந்தது. சூரியனும் நிலாவும் கிழக்கே கடலில் எழுந்து மேற்கே போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, நிழல் மட்டும் மேற்கிலிருந்து வருவது புதினமாக இருக்கும். நிலா தன் பாதையில் விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் வீதம் கிழக்கு நோக்கிப் போகிறது. பூமியும் அதே திசையில்தான் சுழல்கிறது, ஆனால் நம் ஊரின் சுழற்சி வேகம் அதில் பாதிக்கும் குறைவு. வேகமாகப் போகிற நிலாவின் நிழல் பின்னாலிருந்து வந்து நம்மைக் கடந்து போகிறது.

அந்தத் தேதியைச் சும்மா கடந்து போக நம்மால் முடியாது. டிசம்பர் 26. 2004இல் அதே நாள் காலையில்தான் கடல் எழுந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதையும் கொண்டு போனது. பதினைந்து வருடம் கழித்து அதே நாளில், ஏறக்குறைய அதே வேளையில், வெயில் மங்கத் தொடங்கினால் நெஞ்சு பதைக்காமல் இருக்குமா? பதைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் கணக்கை மட்டும் சொல்லி வைக்கிறேன். 2004 டிசம்பர் 26 போயா நாள், முழுமதி. தேசிக்காய் அன்று சாய்ந்தமருதுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. சூரிய கிரகணம் நடக்கவே முடியாத நாள் அது. கடலை எழுப்பியது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலத்தட்டு வழுகியதால் வந்த 9.1 அளவு நிலநடுக்கம். இரண்டு சம்பவமும் பகிர்ந்துகொண்டது நாட்காட்டியின் ஒரு கட்டத்தை மட்டுமே.

துக்கத்தையும் கிரகணத்தையும் முடிச்சுப் போடுவது மனிதருக்குப் புதிதுமல்ல. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் குழந்தை மகன் இப்றாஹீம் மௌத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எந்தத் தலைவரும் தட்டிக் கழிக்க விரும்பாத பேச்சு அது. நபி அவர்களோ உடனே அதைத் திருத்தினார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை, கண்டால் தொழுங்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். வானியல் கணக்கைப் பின்னோக்கி ஓட்டியவர்கள் அந்த நாளை 632 ஜனவரி 27 என்று காட்டுகிறார்கள். பிறைக் கணக்கில் அது ஷவ்வால் மாதத்தின் கடைசி; விதி அன்றும் தவறவில்லை.

அதனால்தான் கிரகண நேரத்தில் நம் பள்ளிகளில் "அஸ்ஸலாத்து ஜாமிஆ" என்று அழைப்புக் கேட்கிறது. இரண்டு ரக்அத், ஒவ்வொன்றிலும் இரண்டு ருகூஉ, நீண்ட கிராஅத், பிறகு குத்பா. இதைச் செய்கிற ஊரில், கர்ப்பிணிப் பெண் கத்தி தொடக் கூடாது, மரக்கறி வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்ற பேச்சும் இன்னும் ஓடுவது எனக்கு விளங்காத புதிர். நிழலுக்குக் கத்தியைத் தெரியாது. கிரகணத்தன்று சமைத்த சோற்றிலும் பிழை இல்லை.

அந்தப் பேச்சில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது, அதைத்தான் சரியாகச் சொல்லாமல் விட்டார்கள்: கண். விழித்திரைக்கு நோவு தெரியாது. சூரியனை நேரே பார்த்தால் அது எரிகிற நேரத்தில் ஒன்றும் உணராது. சில மணி நேரம் கழித்து நடுப் பார்வையில் ஒரு கறை நிற்கும். சிலருக்கு அது போகவே போகாது. பகுதிக் கிரகணத்தில் ஆபத்து கூடுதல், ஏனென்றால் வெளிச்சம் குறைந்து கண் கூசாமல் நீண்ட நேரம் பார்க்க விடுகிறது. எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடித் துண்டு, தாச்சித் தண்ணீரில் தெரிகிற பிம்பம் எதுவுமே பாதுகாப்பில்லை. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் பொறித்த கிரகணக் கண்ணாடி சரி. வெல்டிங் கடையில் 14ஆம் இலக்கக் கண்ணாடி சரி.

இரண்டும் இல்லையென்றால் சல்லடை ஒன்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சல்லடையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, நிழலைச் சுவரில் விழ விடுங்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு சூரியனைச் சுவரில் போடும். கிரகணம் ஏற ஏற, சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிப் பிறைகள். வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகளும் அப்படியே பிறையாகும். கண்ணாடி போட்டு அண்ணாந்து பார்ப்பதை விடப் பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

கிரகணங்களுக்குக் குடும்பம் உண்டு. 18 வருடமும் ஏறத்தாழ 11 நாளும் எட்டு மணி நேரமும் கழிந்தால் தேங்காய், தேசிக்காய், வெட்டுப் புள்ளி, தூரம் எல்லாம் கிட்டத்தட்ட பழைய நிலைக்கே வந்துவிடும். முன்னையதைப் போன்ற இன்னொரு கிரகணம் நடக்கும். அந்த எட்டு மணி நேர மிச்சத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் பாதை உலகத்தின் வேறு பக்கத்தில் விழும். 1955இல் சிலோன் கண்ட கிரகணம் இப்படி 1973இல் ஆபிரிக்காவில், 1991இல் மெக்சிகோவில், 2009இல் வட இந்தியாவில் திரும்பி வந்தது. அதற்கு அடுத்தது 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. கருநிழல் ஸ்பெயினிலிருந்து எகிப்தின் லக்ஸர் வழியாகச் செங்கடலைத் தாண்டி ஜித்தாவையும் மக்காவையும் மூடும். மக்காவில் பட்டப்பகலில் ஐந்து நிமிட இருட்டு. இலங்கையில் அன்று அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், மேற்கே சாய்ந்த சூரியனில் ஒரு பகுதி மறையும். வளையக் கிரகணம் வேண்டுமென்றால் 2031 மே 21 வரை பொறுக்க வேண்டும். பாதை தென் இந்தியாவையும் வட இலங்கையையும் தொடுகிறது.

கல்முனை ஸாஹிராவிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் மற்றப் பள்ளிக்கூடங்களிலும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2027இன் அந்த மாலையில் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே தரமான கண்ணாடி எடுப்பித்து, சல்லடைகளோடு கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். தொழுகைக்கும் நேரம் விடுங்கள். பிள்ளையோ மாப்பிள்ளையோ ஜித்தாவிலும் மக்காவிலும் வேலை செய்கிற வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: கண்ணாடி வாங்கி வைக்கட்டும், சூரியன் முழுதாக மறைந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதைக் கழற்றலாம், விளிம்பில் முதல் ஒளி தெரிந்தவுடன் மறுபடி போட்டுவிட வேண்டும்.